வாட்ஸ் கடைசியில், ஓம் முதலில்: கைக்கு அடங்கும் செலவில் ரிசீவருக்கு ஸ்பீக்கர் பொருத்துவது

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு (டிவி, பிளேயரின் ஒலியை வாங்கி, பெருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டிக்கு) ஸ்பீக்கர் கேட்டுப் போனால் பேச்சு பெரும்பாலும் "எத்தனை வாட்ஸ் சார்?" என்றுதான் தொடங்கும். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் ஓம் (கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை), அடுத்து சென்சிட்டிவிட்டி (அதே பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது), அதன் பிறகுதான் வாட்ஸ். இந்த வரிசை மாறினால் காசும் வீண், சில சமயம் ரிசீவரும் வீண்.

ரிசீவரின் பின்பக்கம் ஸ்பீக்கர் டெர்மினல் அருகே "6–16 ஓம்" என்பது போல ஓர் எல்லை அச்சாகியிருக்கும். வாங்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் அதற்குள் இருக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், அதே வால்யூமில் ரிசீவர் இரண்டு மடங்கு கரண்ட் தள்ள வேண்டும். குறைந்த விலை ரிசீவரின் டிரான்ஸ்பார்மரும் ஹீட் சிங்கும் அந்த அளவுக்குக் கட்டப்பட்டவை அல்ல. மெல்ல வைத்துக் கேட்கும்போது ஒன்றும் தெரியாது. சண்டைக் காட்சியில் வால்யூமை ஏற்றியதும் 'டக்' என்று அணையும். சந்தேகமாக இருந்தால் 8 ஓம் எடுத்துவிடுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டின் ஸ்பீக்கர்களைப் புது ரிசீவரில் மாட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அவற்றில் பல 3 அல்லது 4 ஓம். பெட்டியின் பின் ஸ்டிக்கர் உரிந்திருந்தால் மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் வைத்து வரும் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரை காட்டும்; 4 ஓம் என்றால் 3 முதல் 3.8 வரை. மீட்டர் டிசி அளவைக் காட்டுவதால் பெயரளவு ஓமைவிடக் குறைவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். அந்தச் செட்டின் பேஸ் தரும் வூஃபர் பெட்டியும் நேரடியாக உதவாது. ரிசீவரின் சப் அவுட்டில் (சப்வூஃபருக்கான துளையில்) வருவது வெறும் சிக்னல், பவர் அல்ல. ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் சப்வூஃபர்தான் வேண்டும்.

ஒரே டெர்மினலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சேர்த்து முறுக்கினாலும் கணக்கு 4 ஓம்தான்.

இப்போது சென்சிட்டிவிட்டி. ஸ்பெக் ஷீட்டில் "87 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர்" என்று இருக்கும்; அதாவது 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 87 டெசிபல் சத்தம். பட்ஜெட் போடுகிறவர் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். டிவியிலிருந்து சோபா பத்தடி, அதாவது 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் சுமார் 9.5 டெசிபல் குறையும். உட்காரும் இடத்தில் 95 டெசிபல் உச்சம் வர, ஒற்றை 8 ஓம் ஸ்பீக்கருக்கு, அறைச் சுவர்கள் தரும் உதவியைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால்:

84 டெசிபல் ஸ்பீக்கர்: சுமார் 112 வாட்ஸ்
87 டெசிபல் ஸ்பீக்கர்: சுமார் 56 வாட்ஸ்
91 டெசிபல் ஸ்பீக்கர்: சுமார் 22 வாட்ஸ்

95 டெசிபல் என்பது பிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் சத்தம். ஆக, நல்ல சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் எடுத்தால் சின்ன ரிசீவரே தாராளம். ஒரு எச்சரிக்கை: 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் 90 என்று போட்டிருந்தால் 3 கழித்து 87 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிசீவரின் வாட்ஸைப் படிக்கும்போது எண்ணைவிட அதன் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்து முக்கியம். "2 சேனல், 20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ், 0.08% டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு)" என்றால் நம்பலாம். "1 சேனல், 1 கிலோஹெர்ட்ஸ், 10%" என்றால் அதே பெட்டிக்கு அழகு கூட்டிய எண். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் பிஎம்பிஓ எண்ணை (விளம்பரத்துக்காக ஊதிக் காட்டும் உச்ச வாட்ஸை)ப் பார்க்கவே வேண்டாம். "100 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு 70 வாட்ஸ் ரிசீவர் போதுமா?" என்றால், போதும். ஸ்பீக்கரில் எழுதியிருப்பது அது தாங்கும் அளவு. அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கெடுதல் எப்போது வரும் என்றால், சின்ன ரிசீவரை அதன் எல்லையைத் தாண்டித் திருகும்போது. அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும், முதலில் ட்வீட்டர் (கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) போகும். கரகரப்பு கேட்டவுடன் குறைத்துவிடுங்கள்.

பணத்தைப் பிரிப்பதில் எங்கள் சிபாரிசு: நூறு ரூபாய் இருந்தால் ரிசீவருக்கு 30, முன்னால் வரும் மூன்று ஸ்பீக்கர்களுக்கு 40, சப்வூஃபருக்கு 25, வயருக்கும் பின் கனெக்டருக்கும் 5. சரவுண்டை (பக்கவாட்டிலும் பின்னாலும் வரும் ஸ்பீக்கர்களை) அடுத்த போனஸுக்குத் தள்ளி வையுங்கள். மட்டமான ஐந்தைவிட ஒழுங்கான மூன்று பல மடங்கு மேல். படத்தின் வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் வருகிறது. அதனால் லெஃப்ட், ரைட், சென்டர் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே சீரிஸாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இடமிருந்து வலம் ஓடும் ஆட்டோவின் சத்தம் நடுவில் வேறு வண்டியாக மாறிவிடும். சுவரை ஒட்டிய ஷெல்ஃபில் வைப்பதென்றால், பின்பக்கம் போர்ட் துளை உள்ளதை எடுக்காதீர்கள், பேஸ் குமுறும். முன்பக்கத் துளையோ, துளையே இல்லாததோ நல்லது.

வயரில் ஏமாறுவது சுலபம். 10 மீட்டர் வரை 8 ஓமுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் தாமிரம் போதும். போக வர 20 மீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் கால் ஓம் அளவுதான். அதற்கு மேல் தூரமென்றால் 2.5. ஆனால் குறைந்த விலை ரிசீவர்களில் சென்டருக்கும் சரவுண்டுக்கும் ஸ்பிரிங் கிளிப்தான் இருக்கும், 2.5 உள்ளே நுழையாது. இழைகளை வெட்டிக் குறைக்காமல் பின் கனெக்டர் போடுங்கள். வாங்கும்போது ஓர் இழையைப் பிரித்து பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமே வந்தால் நல்ல வயர். மேலே செம்பு, சுரண்டினால் வெள்ளி என்றால் அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சு: ரெசிஸ்டன்ஸ் கூடுதல், இரண்டு முறை வளைத்தால் இழை ஒடியும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரமாக இருந்தால் வெறும் முனை சீக்கிரம் கறுத்து, பச்சை பிடிக்கும். வருடம் ஒருமுறை அரை அங்குலம் வெட்டிப் புதிதாக உரியுங்கள்.

மாட்டும்போது ரிசீவரின் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மாறினால் பேஸ் காணாமல் போகும். பழைய ஸ்பீக்கரில் நிறம் அழிந்திருந்தால், ரிசீவரில் மாட்டும் முன் 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லை ஒரு நொடி தொடுங்கள். வூஃபர் கூம்பு வெளியே தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்டதுதான் சிவப்பு.

அடுத்து மைக் வைத்து ஆட்டோ செட்டப்: ஸ்பீக்கர்களின் தூரத்தையும் சத்தத்தையும் ரிசீவரே அளந்து சரிசெய்துகொள்ளும். மைக்கைக் காது உயரத்தில் வைத்து, சீலிங் ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்து, குக்கர் விசில் ஓயும்வரை பொறுத்து ஓட்டுங்கள். முடிந்ததும் மெனுவைத் திறந்து பாருங்கள். முன் ஸ்பீக்கரை "லார்ஜ்" என்று போட்டிருந்தால் "ஸ்மால்" ஆக்கி, கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். உள்ளங்கை அளவு சாட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 120 முதல் 150. சப்வூஃபரின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுக்க ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை வெட்டும். சப்பின் தூரத்தை உண்மையைவிட அதிகமாகக் காட்டினால் திருத்த வேண்டாம்; உள்ளிருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் அது சேர்த்திருக்கிறது.

ஆன் செய்த உடனே அணைகிறதா? ஏதோ ஓர் இழை பக்கத்து டெர்மினலைத் தொடுகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அரை மணி ஓடி அணைகிறதா? சூடு. சென்னை மே மாதத்தில் கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரி அடுப்பு மாதிரிதான். ரிசீவரின் மேல் 10 சென்டிமீட்டர் இடம் விடுங்கள், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் ஏற்றாதீர்கள். 'ம்ம்ம்' என்று ஹம் கேட்டால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த வழியாகத்தான் வருகிறது. எக்காரணம் கொண்டும் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள்.

பழைய ஸ்பீக்கர் எடுப்பவர்கள் வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ரப்பர் என்றால் வளைந்து திரும்பும். ஃபோம் என்றால், நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருடம் கிடந்திருந்தால், அப்பளம் போல நொறுங்கி விரலில் கறுப்புத் தூளாக ஒட்டும். அப்படி ஒட்டினால், விளிம்பு மாற்றும் கூலியையும் விலையோடு கூட்டிய பிறகு பேரம் பேசுங்கள்.