உளுந்தை விற்பதா, வைப்பதா? கணக்குப் போடும் முறை

சம்பா நெல் தாளில் தெளித்த உளுந்து பங்குனி, சித்திரையில் எல்லோர் வீட்டுக்கும் ஒரே சமயத்தில்தான் வருகிறது. விருத்தாசலம் கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், மூட்டை குவிந்தால் விலை இறங்கத்தான் செய்யும். வைத்திருந்து விற்கலாம், தப்பில்லை. ஆனால் என்ன விலை வந்தால் கட்டுபடியாகும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும்.

ஏலத்தில் குவிண்டால் 7,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகையில் எழுதும் அதிகபட்ச விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், உங்கள் லாட்டுக்கு (நீங்கள் ஏலத்துக்கு வைத்த குவியலுக்கு) விழுந்த விலைதான் உங்கள் விலை. மூன்று மாதம் வைக்கிறீர்கள். அதுவரை வீட்டுச் செலவுக்கு வெளியில் இரண்டு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்) வாங்கினால், 7,000க்கு வட்டி 420. அப்புறம் எடைக் குறைவு, பலர் மறந்துவிடுவது இதைத்தான். 12 சதவீத ஈரத்தில் கட்டிய 100 கிலோ மூட்டை, 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் 98 கிலோகூட நிற்காது. இரண்டையும் சேர்த்தால் 7,600 கிடைத்தால்தான் இன்று விற்றதற்குச் சமம். வண்டும் ஏற்றுகூலியும் தனி. வட்டிக்கு வாங்கி உளுந்தை வைத்துக் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே மூட்டையை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் (சரக்கை அடமானமாக வைத்து வாங்கும் கடன்) எடுத்துப் பாருங்கள். மதிப்பில் 75 சதவீதம் வரை தருகிறார்கள். ஆண்டுக்கு 5 சதவீத வட்டி, 180 நாள் கெடு. 5,250 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி 66 ரூபாய்தான். எடைக் குறைவையும் சேர்த்துப் பார்த்தால், கிடங்கு வாடகை போக 7,230 வந்தாலே கையைக் கடிக்காது.

விலை ஏறுமா என்பது நம் ஊர் விளைச்சலோடு முடிகிற விஷயம் இல்லை. 2021 மே முதல் உளுந்து இறக்குமதிக்குத் தடையில்லை, பர்மா சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினால் இங்கே ஏலம் சுணங்கும். 2025-26க்கு அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 என்றாலும், அரசு கொள்முதல் திறந்து, ஈரம் 12 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அது நம் கைக்கு வரும்.

அதனால் எங்கள் வீட்டில் பாதியை அறுப்புக் கூலிக்கும் கடனுக்கும் உடனே விற்றுவிடுவோம், மீதிதான் கிடங்குக்கு. அனுப்பும் முன் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். அமுங்கினால் இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள், டக்கென்று உடைந்தால் மூட்டை கட்டலாம்.