பிளஸ் ஒன் மாணவரை இன்டர்னாகச் சேர்க்கிறீர்களா? நிறுவனங்கள் சறுக்கும் இடங்கள்

மே மாதம் பிறந்தால் சிறு நிறுவனங்களுக்கு வழக்கமாக ஒரு போன் வரும். "பையன் பிளஸ் ஒன் முடிச்சிருக்கான், லீவுல சும்மாதான் இருக்கான், ஒரு மாசம் உங்க ஆபீஸ்ல வந்து கத்துக்கட்டுமே." கேட்பவருக்கும் நல்ல எண்ணம்தான், சரி என்பவருக்கும் நல்ல எண்ணம்தான். பையன் காலை ஒன்பதரைக்கு வந்து, மற்றவர்களோடு சேர்ந்து மாலை ஆறரைக்குக் கிளம்புவான். அந்த முதல் நாளே சட்ட மீறல்.

'இன்டர்ன்தானே, தொழிலாளி இல்லையே' என்ற நினைப்பிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளைக்கின்றன. குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம், 1986, வேலைக்கு 'அமர்த்துவதை' மட்டும் பேசவில்லை. வேலை செய்ய 'அனுமதிப்பதையும்' சேர்த்தே பேசுகிறது. சம்பளம் கொடுக்கவில்லை, சான்றிதழ் மட்டும்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயது நிரம்பாதவர் குழந்தை. 14 நிரம்பி 18 நிரம்பாதவர் வளரிளம் பருவத்தினர். முதல் வகையினரை வேலைக்கு எடுக்கவே கூடாது. இரண்டாம் வகையினரை எடுக்கலாம், கட்டுப்பாடுகளோடு.

எனவே வயதை வகுப்பை வைத்துக் கணக்கிடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடித்த பையனுக்கு மே மாதத்தில் 13 வயதாகவே இருக்கலாம். ஜூனில் 14 நிரம்புகிறது என்றால் ஜூனில்தான் அவன் வர முடியும். பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலைச் சேரும் முன்பே வாங்கி வையுங்கள். வயதில் தகராறு வந்து, கையில் சான்றிதழும் இல்லை என்றால், தொழிலாளர் ஆய்வாளர் அதை மருத்துவ அதிகாரியின் முடிவுக்கு அனுப்புவார்.

'சொந்தக்காரப் பையன், அதனால் பரவாயில்லை' என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்ற விலக்கு உண்மைதான், ஆபத்தான தொழிலாக இல்லாதவரை. ஆனால் அந்தக் 'குடும்பம்' யார் என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது: தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், தாய் தந்தையரின் உடன்பிறந்தவர்கள். மாமா கடையில் மருமகன் உதவலாம். அப்பாவின் நண்பர் கடை அதில் வராது, அவரை எத்தனை வருடமாக மாமா என்று கூப்பிட்டாலும்.

அதிகம் பேர் மாட்டுவது நேரத்தில்தான். தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. மீண்டும் வேலை தொடங்கும் முன் குறைந்தது ஒரு மணி நேர இடைவேளை வேண்டும். அந்த இடைவேளையையும், வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் மொத்தம் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கிடையாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. அது எந்த நாள் என்பதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றக் கூடாது.

இதை அப்படியே அட்டவணையாக்கினால் காலை 10 முதல் 1 வரை வேலை, 2 மணி வரை இடைவேளை, பிறகு 4 மணி வரை வேலை. உண்மையான வேலை ஐந்து மணி நேரம்தான். அரை மணி நேர உணவு இடைவேளை கொடுக்கும் அலுவலகங்கள் இங்கேயே தவறுகின்றன. பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு, வேலை சொல்ல வேண்டியவர் பதினொன்றரைக்கு வந்தால், அந்த ஒன்றரை மணி நேரமும் ஆறு மணிக் கணக்கில்தான் சேரும். மாலை நிகழ்ச்சிக்கு ஆள் போதவில்லை என்று எட்டு மணி வரை நிறுத்தி வைப்பதும், வீட்டுக்குப் போன பிறகு ஒன்பது மணிக்கு "இந்த போஸ்டரை மட்டும் முடிச்சு அனுப்பிடு" என்று வாட்ஸ்அப்பில் கேட்பதும் ஆபத்தானவை. வாட்ஸ்அப் செய்தியில் நேரமும் பதிவாகிறது. காலையில் வேறொரு கடையில் வேலை பார்த்துவிட்டு வரும் மாணவரை அதே நாளில் நீங்களும் வேலை வாங்கக் கூடாது, சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வேலையின் தன்மையிலும் கோடு உண்டு. சுரங்கம், எளிதில் தீப்பற்றும் பொருட்கள், வெடிபொருட்கள், சட்டத்தின் அட்டவணையில் உள்ள ஆபத்தான தொழில்கள் ஆகியவற்றில் 18 நிரம்பாதவரைச் சேர்க்கவே கூடாது. பட்டாசில் உற்பத்தி மட்டுமல்ல, இருப்பு வைப்பதும் விற்பதும் இதில் அடங்கும். தீபாவளிக் கடையில் பில் போட நிற்கும் பதினாறு வயதுப் பையனும் இந்தத் தடைக்குள்தான். இதை மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேரம், பதிவேடு போன்றவற்றில் தவறினால் ஒரு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"வண்டியை எடுத்துட்டுப் போய் பேங்க்ல செக் போட்டுட்டு வா" என்று சாவியைக் கொடுக்கும் வழக்கம் இன்னொன்று. 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சிசிக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டும்; அலுவலகத்தில் நிற்கும் 110 சிசி ஸ்கூட்டர் அதில் வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து.

காகித வேலையைப் பலரும் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். சேர்ந்த 30 நாளுக்குள் தொழிலாளர் ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: நிறுவனத்தின் பெயர், இடம், நிர்வாகிப்பவர் பெயர், தொடர்பு முகவரி, தொழிலின் தன்மை. தனிப் பதிவேட்டில் மாணவர் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், இடைவேளை, என்ன வேலை என்பவை இருக்க வேண்டும். பதிவேட்டை மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பினால் எல்லா நாளும் 10.00, 4.00 என்று அச்சடித்தது போல இருக்கும். அதை யாரும் நம்பப் போவதில்லை. அன்றன்றைக்கு எழுதுங்கள்.

பெரியவர்களுக்கான ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் மாணவரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது வீண். 18 நிரம்பாதவரோடு போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதை 1903இலேயே பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்) சொல்லிவிட்டது. பெற்றோரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். வேலை, நேரம், உதவித்தொகை, பொறுப்பாளர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். ரகசியமான கோப்புகளை மாணவர் கையில் கொடுக்காமல் இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

பாலியல் சீண்டல் புகாரை 'உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்கலாம்' என்று நினைப்பது எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012 வந்துவிடும். தெரிந்ததும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தின் உள் புகார்க் குழு விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. மாணவர் சேரும் நாளிலேயே யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கையில் எழுதிக் கொடுங்கள்.