பிஎஃப்சென்ஸ் ரவுட்டரில் நெட் மெதுவாக ஓடுகிறதா? அளந்து பார்க்கும் முறை

பெங்களூரில் வீட்டிலிருந்து வேலை செய்யும் நம் ஆட்கள் பலர், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய பிசியில் ஒரு நெட்வொர்க் கார்டைச் சேர்த்து, பிசியை ரவுட்டராக்கும் மென்பொருளான பிஎஃப்சென்ஸோ ஓபிஎன்சென்ஸோ போட்டு ஓட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நெட் மெதுவானதும் கை நேராக செட்டிங்ஸ் பக்கம் போய்விடுகிறது. ஒரே நேரத்தில் நாலைந்து மாற்றங்களைச் செய்துவிட்டால், எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் அளவு, அப்புறம்தான் மாற்றம். அதுவும் ஒவ்வொன்றாக.

படி 1: வைஃபையை ஒதுக்குங்கள்

லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் வழியாக இணைத்து வேகத்தைப் பாருங்கள். அபார்ட்மென்டில் சுற்றிலும் இருபது வைஃபை ஓடும்போது, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. கேபிளில் வேகம் சரியாக வந்தால் ரவுட்டரில் குறை இல்லை; இங்கேயே நிறுத்திவிட்டு வைஃபையைக் கவனியுங்கள்.

படி 2: லிங்க் வேகம்

பலரும் தாண்டிப் போகும் இடம் இது. ரவுட்டரின் ஷெல்லில் (கட்டளை தட்டும் திரையில்) இஃப்கான்ஃபிக் கட்டளை கொடுத்து, மீடியா என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். அங்கே 1000பேஸ்டி, ஃபுல் டூப்ளெக்ஸ் என்று இருக்க வேண்டும். 100பேஸ்டிஎக்ஸ் என்று இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். கிகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். முனையில் பழுப்பு ஜோடி மட்டும் சரியாகக் கிரிம்ப் ஆகாமல் போனாலும் நெட் அறுந்துபோவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். வேகச் சோதனை எப்போது பார்த்தாலும் 94 மெகாபிட் அருகிலேயே நிற்கிறதா? இதுதான் அதன் அடையாளம். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து அதே ஷெல்லில் நெட்ஸ்டாட் மைனஸ் ஐ கட்டளை. அதில் பிழைகளைக் காட்டும் பத்தி ஏறிக்கொண்டே போனால் கேபிள், போர்ட், கார்டு மூன்றில் ஒன்று பழுது.

படி 3: ரவுட்டரின் சொந்த வேகம்

வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை ரவுட்டரிலேயே ஓட்டாதீர்கள். பாக்கெட்டை (தரவுத் துண்டுகளை) கடத்த வேண்டிய பிராசஸரைச் சோதனையே தின்றுவிடும். வரும் எண் பொய். லான் பக்கம் (வீட்டு நெட்வொர்க்) ஒரு லேப்டாப், வான் பக்கம் (வெளி இணைப்பு) இன்னொன்று என்று வைத்து, ரவுட்டரின் ஊடாக ஓட்டுங்கள். கிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட் அளவுக்கு வந்தால் ரவுட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

குறைந்தால், டவுன்லோடு ஓடும்போதே எந்த வேலை பிராசஸரைத் தின்கிறது என்று காட்டும் டாப் கட்டளையை ஏஎஸ்ஹெச் விருப்பங்களோடு (top -aSH) திறங்கள். மொத்தக் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாலு கோர் பிசியில் ஒரு கோர் முழுசாக மாட்டிக்கொண்டாலும், 75 சதவீதம் சும்மா இருப்பதாகத்தான் காட்டும். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து லாகின் செய்யும் பிபிபிஓஇ இணைப்பில் இது அடிக்கடி நடக்கும். அந்த வகைப் பாக்கெட்டுகளைப் பல கார்டுகளால் கோர்களுக்குப் பிரித்துக்கொடுக்க முடியாமல், எல்லாம் ஒரே வரிசையில் வந்து விழும். பிஎஃப்சென்ஸ் போன்ற, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் சார்ந்த ரவுட்டர்களில், சிஸ்டம் டியூனபிள்ஸ் பக்கத்தில் நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பாட்ச் மதிப்பை டிஃபர்டு என்று மாற்றி, மறுபடி அளந்து பாருங்கள்.

படி 4: எம்டியு

சில தளங்கள் பறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன என்றால் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவைப் பாருங்கள். பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1500க்குப் பதில் 1492தான் மிஞ்சும். பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற விருப்பத்தோடு 1464 பைட் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்புங்கள். தலைப்புக்கு 28 பைட் சேர்ந்து 1492 ஆகிவிடும். அது போகாமல் சின்ன பிங் மட்டும் போனால், எம்டியுவைக் குறைத்து, ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் அளவுக்கு வரம்பு வைக்கும் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கையும் அதற்கேற்ப வையுங்கள்.

படி 5: நெரிசலில் தாமதம்

வேகச் சோதனையில் எண் அழகாக வரும். ஆனால் வீட்டில் யாராவது பெரிய ஃபைலை ஏற்றினால் மீட்டிங்கில் உங்கள் குரல் உடையும். ஒரு பக்கம் பிங் ஓடட்டும், இன்னொரு பக்கம் அப்லோடு தொடங்குங்கள். பிங் 10 மில்லிசெகண்டிலிருந்து சில நூறுக்குத் தாவினால், வழியில் ஏதோ ஒரு கருவியின் பஃபர் (பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) நிரம்பி வழிகிறது. இதற்காகவே கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசையில் தாமதம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் முறையை 2012இல் கொண்டுவந்தார்கள். பிஎஃப்சென்ஸில் லிமிட்டர் பக்கத்தில் அதன் ஒரு வகையான எஃப்கியு கோடெல் தேர்ந்தெடுத்து, அளந்து கண்ட வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரிலேயே சேர வேண்டும், அதற்குத்தான் அந்த 10 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறோம். என் கணக்கில் இது நல்ல பேரம்.

படி 6: வெளியே

இதற்கு மேலும் மெதுவாக இருந்தால், ரவுட்டரைக் கழற்றிவிட்டு, ஃபைபர் பெட்டியிலிருந்து நேராக லேப்டாப்புக்குக் கேபிள் போடுங்கள். பிபிபிஓஇ என்றால் லேப்டாப்பிலேயே லாகின் செய்ய வேண்டியிருக்கும். அப்போதும் அதே வேகம் என்றால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அளந்த எண்களைக் குறித்துக்கொண்டு கஸ்டமர் கேரைக் கூப்பிடுங்கள். ஃபைபர் பெட்டிக்கு வரும் ஒளியின் அளவை டிபிஎம் கணக்கில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஜிபான் (வீடுகளுக்கு வரும் ஒரு வகை ஃபைபர்) இணைப்பில் அது மைனஸ் 27ஐ நெருங்கினால், ஃபைபர் எங்கோ மடிந்தோ அழுக்காகியோ இருக்கலாம். ஆள் வந்து பார்த்தாக வேண்டும்.