லிஃப்ட் போட்ட பிக்கப்புக்குப் பெரிய டயர் ஏற்றுவது

"ரெண்டு இன்ச் லிஃப்ட் இருக்குல்ல, 33 இன்ச் டயர் தாராளமா உக்காரும்" என்று யார் சொன்னாலும் அப்படியே நம்ப வேண்டாம். லிஃப்ட், அதாவது சஸ்பென்ஷனை உயர்த்தும் மாற்றம், கொடுக்கும் இடைவெளி வண்டி நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது. வடசென்னை எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் பறித்துவைத்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால், சஸ்பென்ஷன் அமுங்கிப் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். அந்த நொடியில் சக்கரம் மட்கார்டுக்குள் எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப்தான், லிஃப்ட் இல்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது கிடைக்கும் இடமும் லிஃப்டால் பெரிதாகக் கூடாது. அதனால் அளக்க வேண்டிய நிலை இரண்டு: முழு அமுக்கம், முழு ஒடிப்பு.

அதற்கு முன் கணக்கு. 255/60 ஆர்18 டயரோடு வந்த இசுசு வி-கிராஸ் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 255 மி.மீ. அகலத்தில் 60 சதவீதம், அதாவது 153 மி.மீ., பக்கச்சுவர். மேலும் கீழுமாக 306, 18 இன்ச் ரிம் 457. மொத்த உயரம் சுமார் 763 மி.மீ. இதே கணக்கில் 265/70 ஆர்17 டயர் 803 வரும், 285/70 ஆர்17 டயர் 831 வரும்; '33 இன்ச்' என்பது இதைத்தான். வண்டி உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதிதான்: முதலாவதில் 20 மி.மீ., இரண்டாவதில் 34. மீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால், இனி 80 காட்டும்போது உண்மையான வேகம் 84 அல்லது 87. ஆக்சில் ரேஷியோ (ஆக்சிலின் கியர் விகிதம்) 4.1 உள்ள வண்டியில் 285 போட்டால் இழுவை 3.77 போட்டதுபோல் ஆகிவிடும். சுமையோடு மேம்பாலம் ஏறும்போது ஒரு கியர் குறைக்க வேண்டிவரும். ஒரு சக்கரத்துக்கு எட்டு, பத்து கிலோ கூடுவதும் சகஜம். பிரேக் பிடிக்கும் தூரத்தில் அது தெரியும். மணலி, மாதவரம் பக்கமே ஓடும் வண்டிக்கு 265/70 போதும். 285 என்றால் எங்காவது வெட்டியே ஆக வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லிஃப்டும் இதில் சேரும். தண்டையார்பேட்டையோ செங்குன்றமோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணத்தைப் போடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் கிளெய்மில் சிக்கும்.

18 இன்ச்சிலிருந்து 17-க்கு மாற ரிம் வாங்கும்போது பலர் ஆறு போல்ட், 139.7 பி.சி.டி. (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.) என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸுக்கும் வி-கிராஸுக்கும் அது ஒன்றுதான், ஆனால் நடு ஓட்டை வேறு. ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போட வேண்டும், இல்லையென்றால் 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். அடுத்தது ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்; ரிம்மின் பின்பக்கம் ஈ.டி. என்று பொறித்திருக்கும். 255-க்குப் பதில் 285 போட்டால் அகலம் 30 மி.மீ. கூடி, உள்ளே 15, வெளியே 15 நகரும். உள்பக்கம் மேல் கன்ட்ரோல் ஆர்மில் உரசினால், ஆஃப்செட்டை 15 குறைத்தால் உள் இடைவெளி பழையபடி ஆகும். ஆனால் வெளியே 30 நீட்டும், ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போட்டு மட்கார்டின் பின்மூலையில் இடிக்கும். எந்தப் பக்கம் இடம் மிச்சம் என்று அளந்த பிறகே ஈ.டி. எண்ணை முடிவு செய்யுங்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே சும்மா சொருகும் ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். 285/70-க்கு 7.5 முதல் 9 இன்ச் வரை அகலமுள்ள ரிம் சரி.

டயரின் லோட் இண்டெக்ஸ் (தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மலிவு விலைக்குக் கிடைக்கும் பழைய ஸ்டாக் வேண்டாம்.

எல்லா டயரையும் ஏற்றாமல் முன்பக்கம் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சேஸை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பம்ப் ஸ்டாப் முழுசாக நசுங்கும்வரை ஏற்றுங்கள். ஏற்றிய நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடியுங்கள். டயரின் தோளில் ஈரக் கோலமாவைத் தடவி வைத்தால் முட்டும் இடமெல்லாம் வெள்ளையாகப் பதியும். வழக்கமாக மாட்டும் இடங்கள்: மட்ஃபிளாப், பிளாஸ்டிக் லைனர், பம்பரின் கீழ்மூலை, கேபினைச் சேஸோடு பிடிக்கும் மவுண்ட். லைனரை ஹீட் கன்னால் சூடாக்கிப் பின்னுக்குத் தள்ளலாம், பம்பர் மூலையை அறுக்கலாம். கேபின் மவுண்டை வெட்டினால் தகடு வைத்து முழுசாக வெல்டு பண்ணிப் பெயின்ட் அடிக்க வேண்டும்; எண்ணூர் உப்புக்காத்தில் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மேலே மட்கார்டில் முட்டினால் வெட்டாதீர்கள், நீளமான பம்ப் ஸ்டாப் போடுங்கள். அதே ஸ்டாண்டில் சக்கரத்தை முழுசாகத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் விறைக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டும்போது ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுங்கள். துரு மேல் உட்கார்ந்த ரிம், துரு நசுங்கியதும் தளரும். நெட்டும் முக்கியம்: சில கம்பெனி அலாய்களுக்குத் தட்டை வாஷர் நெட்டு, வெளியில் வாங்கும் ரிம்மில் பெரும்பாலும் கூம்பு நெட்டு. பழையதையே போட்டு முறுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும், ஓட்டத்தில் கழன்றுவிடும். ஏர் கன்னால் அறையாமல் டார்க் ரெஞ்சில், எதிரெதிர் வரிசையில், மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி பாருங்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் யு போல்ட்டுக்கு 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை.

அலைன்மென்ட் கடையில் டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே பார்க்கும் கோணம்) மட்டும் பார்த்து அனுப்பினால் திரும்பி வராதீர்கள், கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) எண்ணைக் கேளுங்கள். லிஃப்ட் கேஸ்டரைக் குறைக்கும்; ஸ்டியரிங் நேரே திரும்பாமல் அலையும். சரிசெய்ய இடமில்லையென்றால் மாற்று மேல் ஆர்ம் தேவை. பின் ஆக்சிலில் லோடு பார்க்கும் பிரேக் வால்வு இருந்தால், லிஃப்ட் அதை ஏமாற்றி 'வண்டி காலி' என்று நினைக்கவைக்கும், பின் பிரேக் குறையும். அதற்கென பிராக்கெட் உண்டு. ஹெட்லைட்டையும் இறக்கிவையுங்கள், எதிரே வருகிறவர் கண் பாவம். இன்னொன்று, டயர் பெரிதானதால் எஞ்சின் காத்து இழுக்கும் வாய் உயர்ந்துவிடவில்லை. மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீர் அதே பழைய ஆபத்துதான்.

எல்.டி. (லைட் டிரக்) வகை டயருக்கு அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காத்து வேண்டும். கதவுத் தூண் லேபிளில் உள்ளதைவிட 5 பி.எஸ்.ஐ. கூட்டித் தொடங்குங்கள். மணலி பக்கம் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. வழக்கமான சுமையோடு முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று தனித்தனியாக ஏற்றி எடை பார்த்தால் எதற்கு எவ்வளவு காத்து என்று டயர் கம்பெனி அட்டவணையில் தேடலாம்.

ஸ்டெப்னியும் அதே அளவுதான் வேண்டும். முன்னும் பின்னும் உயரம் வேறான டயரோடு தார் ரோட்டில் 4ஹெச் (நாலு சக்கர இழுவை) போட்டால், முன் பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஆனால் 33 இன்ச் டயர் பின்னால் அடியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பிடிக்கும் வின்ச்சில் ஏறுமா என்பதை வாங்கும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஏறாவிட்டால் பெட்டிக்குள் ஸ்டாண்ட் அடிக்க வேண்டும், சரக்கு இடத்தில் அவ்வளவு போகும்.