கோலாலம்பூரில் ஸ்டாட்ஸுக்குத் தனி டியூஷன் ஆள் தேடுவது எப்படி

கோலாலம்பூரில் டியூஷன் டீச்சருக்குப் பஞ்சம் கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனாலே கடைவீட்டு மாடிகளில் பலகைகள் தொங்கும்: கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், கணக்கியல். ஆனால் புள்ளியியல், அதாவது நம் பிள்ளைகள் வாயில் ஸ்டாட்ஸ், என்று வந்துவிட்டால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் முழிக்கிறோம். கடைசியில் "அவர் கணக்கு நன்றாகச் சொல்லித் தருவார்" என்று யாராவது கைகாட்டும் ஒருவரிடம் போய்ச் சேர்கிறோம், அவரும் சூத்திரத்தைப் போட்டு விடையை வரவழைத்துக் காட்டுகிறார், வீட்டுக்கு வந்து அடுத்த கேள்வியைத் திறந்தால் அதற்கு எந்தச் சூத்திரம் என்றே புரியவில்லை.

ஸ்டாட்ஸின் கஷ்டமே அங்கேதான் இருக்கிறது. கூட்டல் பெருக்கலைக் கணினி பார்த்துக்கொள்ளும். இந்தத் தரவு எப்படி வந்தது, இதற்கு எந்தச் சோதனை பொருந்தும், வந்த விடையை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதைச் சொல்லித்தரத்தான் ஆள் வேண்டும். நல்ல கணக்கு வாத்தியார் எல்லாரும் இதில் தேறிவிடுவதில்லை. அதனால் தேடும் முறையும் கொஞ்சம் வேறு.

படி 1: எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஸ்டாட்ஸ் டியூஷன் கேட்டு வருகிறவர்கள் ஒரே ரகம் இல்லை. படிவம் ஐந்தில் கூடுதல் கணிதம் எடுத்து, நிகழ்தகவுப் பரவலில் தடுமாறும் பிள்ளைக்கு எஸ்பிஎம் கேள்வித்தாள் அத்துப்படியான எந்தக் கூடுதல் கணித ஆசிரியரும் போதும். தனி ஆள்கூட வேண்டாம், குழு வகுப்பிலேயே சரியாகிவிடும். எஸ்டிபிஎம்மில் கணிதம் டி எடுத்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு மூன்றாம் தவணை முழுக்க ஸ்டாட்ஸ்தான்: தரவு விவரிப்பு, நிகழ்தகவு, பரவல்கள், மாதிரியெடுப்பு, கருதுகோள் சோதனை, கை-வர்க்கச் சோதனை. முதல் இரண்டு தவணைகளில் இயற்கணிதத்தையும் நுண்கணிதத்தையும் நன்றாக ஓட்டிய பிள்ளைகூட இங்கே வந்து திணறும். இவர்கள் டீச்சரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "மூன்றாம் தவணைப் பாடம் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?"

அப்புறம் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. உளவியல், வணிகம், தாதிமை, கல்வியியல் படிக்கிறவர்கள். கணக்கு வேண்டாம் என்றுதான் இந்தத் துறைக்கே வந்திருப்பார்கள், வந்த இடத்தில் ஸ்டாட்ஸ் கட்டாயப் பாடமாக உட்கார்ந்திருக்கும். கடைசியாக மாஸ்டர்ஸ், பிஎச்டி ஆட்கள்: கூகல் ஃபார்மில் கருத்தாய்வு எடுத்து முடித்துவிட்டு, எக்செல் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு "இனி என்ன செய்வது" என்று நிற்பவர்கள். (கேள்வித்தாளை அனுப்புவதற்கு முன்பே இவர்கள் ஆள் பார்த்திருக்க வேண்டும். தவறாகக் கேட்ட கேள்வியை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.)

நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்ததும் ஒரு தாளில் உங்கள் சிக்கலை எழுதுங்கள். "ஒன்றுமே புரியவில்லை" என்று எழுதினால் டீச்சர் முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிப்பார், காசு அதிலேயே கரையும். "இசட்-டெஸ்ட் எப்போது, டி-டெஸ்ட் எப்போது என்று பிரிக்க வரவில்லை" என்று எழுதுங்கள் (இரண்டும் சராசரிகளை ஒப்பிடும் சோதனைகள்). இல்லையா, "எஸ்பிஎஸ்எஸ்ஸில் சிக் என்ற கட்டத்தில் .000 என்று வருகிறது, ஆய்வேட்டில் இதை எப்படி எழுதுவது" என்று எழுதுங்கள். இந்த இரண்டாவதற்கு டியூஷனே வேண்டாம், இங்கேயே சொல்லிவிடலாம்: சிக் என்பது எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் காட்டும் பி-மதிப்பு (அது என்ன என்று படி 5-இல் வருகிறது), அது பூஜ்யம் இல்லை, அந்த அட்டவணை மூன்று தசமத்தோடு நிறுத்திக்கொள்வதால் அப்படித் தெரிகிறது, 0.001-க்கும் குறைவு என்று எழுத வேண்டும். இப்படிப் பாதிச் சந்தேகங்கள் எழுதிப் பார்க்கும்போதே சின்னதாகிவிடும்.

படி 2: காசு கொடுக்காமல் கிடைப்பதை முதலில் வாங்குங்கள்

விரிவுரையாளர்கள் மாணவர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கி வைத்திருப்பார்கள், பெரும்பாலும் அந்த நேரத்தில் அறை வாசலில் ஒரு ஈ காக்கை இருக்காது. அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே தீர்ந்தால் இந்தப் பதிவை இதோடு மூடிவிடலாம்.

படி 3: எங்கே தேடுவது

மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் யுபிஎம், பாங்கியில் யுகேஎம், ஷா ஆலாமில் யுஐடிஎம், இந்த எல்லா இடங்களிலும் ஸ்டாட்ஸையே பட்டப்படிப்பாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. கடைசி ஆண்டு மாணவரோ மாஸ்டர்ஸ் படிக்கிறவரோ கிடைத்தால் விடாதீர்கள், இந்தப் பாடத்தில் எங்கே சறுக்கும் என்று அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவைப் பழக்கமுள்ள சீனியர் யாராவது தெரிந்தால் "கணித அறிவியல் பக்கம் யாராவது இருக்கிறார்களா அண்ணே" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மற்ற பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர் அமைப்புகள் வழியாகக் கேட்கலாம்.

குடும்பப் புலனக் குழுவில் போட்டாலும் எண்கள் வந்து குவியும், ஆனால் அதில் முக்கால்வாசி ஆரம்பப் பள்ளிக் கணக்கு டீச்சராக இருக்கும். போடுவதென்றால் "ஸ்டாட்ஸ், பல்கலைக்கழக நிலை, எஸ்பிஎஸ்எஸ் தெரிந்தவர்" என்று தெளிவாகப் போடுங்கள்.

டியூஷன் நிலையம் என்றால் 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்பதில் தப்பில்லை. அரசாங்கப் பள்ளி ஆசிரியர் தனியாக எடுப்பதாக இருந்தால் அவருக்கு மேலிட அனுமதி தேவை. உங்களுக்குப் பாடம் எடுக்கும் அதே விரிவுரையாளரிடம் காசு கொடுத்து டியூஷன் போவது மட்டும் வேண்டவே வேண்டாம், நாளைக்கு உங்கள் மார்க்கையே சந்தேகப்படுவார்கள்.

படி 4: முதல் மெசேஜ்

"சார் ஸ்டாட்ஸ் டியூஷன் இருக்கா" என்று அனுப்பினால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம் சார். தாதிமை இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தத் தவணை பயோஸ்டாட்ஸ் பாடம் இருக்கிறது. கருதுகோள் சோதனை ஆரம்பித்ததிலிருந்து பின்தங்கிவிட்டேன். பாடத்திட்டமும் போன வாரக் குவிஸ் தாளும் இணைத்திருக்கிறேன். வகுப்பில் எஸ்பிஎஸ்எஸ் பயன்படுத்துகிறோம். வியாழன் அல்லது சனி மாலை, செந்தூல் பக்கம் அல்லது ஆன்லைன். முதலில் ஒரு வகுப்பு மட்டும் வைத்துப் பார்க்கலாமா சார்? மணிக்கு எவ்வளவு?"

பெண் ஆசிரியராக இருந்தால் சாருக்குப் பதில் டீச்சர் என்று போடுங்கள். மென்பொருள் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள், எஸ்பிஎஸ்எஸ் தெரிந்தவருக்கு ஆர் (R) என்ற மென்பொருளும் தெரியும் என்று சொல்ல முடியாது, வணிகத்துறை ஆய்வு மாணவர்கள் கேட்கும் ஸ்மார்ட்பிஎல்எஸ் இரண்டிலிருந்தும் தனி. பதிலில் அவர் ஏதாவது திருப்பிக் கேட்டால் (தேர்வு எப்போது, குவிஸில் எந்தக் கேள்வியில் விட்டீர்கள் என்று) நல்ல அறிகுறி. "ஏ கேரண்டி, பத்து வகுப்புக்கு முன்பணம் போடுங்கள்" என்று வந்தால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுங்கள்.

படி 5: சோதனை வகுப்பு

எல்லாம் இதில்தான் முடிவாகிறது, அதனால் சும்மா போய் உட்காராதீர்கள். மூன்று கேள்வி கொண்டு போங்கள். டீச்சரைப் பரீட்சை வைப்பது போல இல்லாமல், உண்மையிலேயே சந்தேகம் கேட்பது போலக் கேளுங்கள்.

முதல் கேள்வி. மலேசியாவில் 2022-இல் குடும்பங்களின் மாத வருமானச் சராசரி 8,479 வெள்ளி (ரிங்கிட்), நடுவெண் (வரிசையாக அடுக்கினால் சரியாக நடுவில் நிற்கும் எண்) 6,338 வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை வெளியிட்டது. ஒரே குடும்பங்கள், ஒரே வருமானம், எப்படி இரண்டு எண்ணும் இவ்வளவு தள்ளி நிற்கின்றன? நல்ல ஆள் உடனே தாளை இழுத்து, இடது பக்கம் குவிந்து வலது பக்கம் வால் நீளும் ஒரு வளைவு வரைவார், அந்த வாலில் இருக்கும் கொஞ்சம் பெரிய வருமானக் குடும்பங்கள் சராசரியை மட்டும் தம் பக்கம் இழுத்துவிடுகின்றன, நடுவெண் அசையாது என்பார், அப்புறம் உங்களையே திருப்பிக் கேட்பார்: "நடுத்தரக் குடும்பத்துக்கு எவ்வளவு வருது என்று பேப்பரில் எழுதணும் என்றால் எதை எழுதுவ?" இரண்டுக்கும் சூத்திரம் மட்டும் எழுதிக் காட்டினால், அவர் கணக்கு டீச்சர்.

இரண்டாவது: "பி-மதிப்பு 0.03 வந்திருக்கு சார், அப்படி என்றால் என்ன?" இதில் விழுகிறவர்கள் நிறைய. "உங்கள் கருதுகோள் சரியாக இருக்க 97 விழுக்காடு வாய்ப்பு" என்று பதில் வந்தால் எழுந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதற்கும் மேலோ வித்தியாசம் தற்செயலாக வர 3 விழுக்காடுதான் வாய்ப்பு, அவ்வளவுதான் அது சொல்கிறது. இதை எந்த வார்த்தையில் சொன்னாலும் சரி, "வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொண்டால்" என்ற அந்த நிபந்தனை அவர் வாயில் வர வேண்டும்.

மூன்றாவதற்கு ஒரு சின்னத் தரவு கொண்டு போங்கள், நீங்களே எழுதிய எண்களாக இருந்தாலும் பரவாயில்லை. நாற்பது பேர், பயிற்சிக்கு முன் ஒரு மதிப்பெண், பயிற்சிக்குப் பின் ஒரு மதிப்பெண். "எந்த டி-டெஸ்ட் போடணும் சார்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மடிக்கணினியைத் திறந்து பட்டனை அழுத்துகிறவரும் உண்டு. அதற்கு முன்னால் இப்படிக் கேட்கிறவரும் உண்டு:

"இந்த நாற்பது பேரும் இரண்டு தடவையும் அதே ஆட்களா?"

"ஆமாம் சார்."

"அப்போ ஒவ்வொரு ஆளுக்கும் வித்தியாசத்தைக் கழிச்சு வச்சுக்கோ. அந்த ஒரு வரிசையைத்தான் பார்க்கப் போறோம். வேற வேற ஆட்களா இருந்தா இந்தக் கழித்தலுக்கே அர்த்தம் இல்லை, அதுக்கு வேற டெஸ்ட்."

இந்த இரண்டாவது ஆளை விடாதீர்கள். தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கணினியைத் தொடாதவர்தான் ஸ்டாட்ஸ் சொல்லித்தரத் தெரிந்தவர். மற்ற இரண்டு கேள்வியிலும் கொஞ்சம் தடுமாறினால்கூட நான் இவரைத்தான் எடுப்பேன்.

பேச்சு மொழியையும் கவனியுங்கள். மலாயில் எஸ்பிஎம் முடித்துவிட்டு ஆங்கிலத்தில் பட்டம் படிக்கும் பிள்ளைக்கு, சிசிஹான் பியாவாய் என்று படித்ததுதான் இப்போது ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று வருகிறது என்பதே யாராவது சொல்லித்தான் தெரியும். தமிழில் விளக்கி, தேர்வு மொழியில் எழுத வைக்கிறவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

படி 6: இடம், காசு

எஸ்பிஎஸ்எஸ், ஆர் என்றால் ஆன்லைன்தான் நல்லது, திரையைப் பகிர்ந்தால் இரண்டு பேரும் ஒரே கட்டத்தைப் பார்க்கலாம், ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமும் மிச்சம். கணிதம் டி என்றால் நேரில், தாளில். வீட்டில் எஸ்பிஎஸ்எஸ் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், ஜமோவி என்ற மென்பொருள் இலவசம், ஆரம்பப் பாடங்களுக்குத் தாராளமாகப் போதும். முதல் சந்திப்பு பொது இடத்தில் இருக்கட்டும். மாமாக் கடை பேசிப் பார்க்கச் சரி, பாடத்துக்குச் சரிப்படாது, பந்து விளையாட்டு ஓடும் நாளில் நிகழ்தகவு மண்டையில் ஏறாது. ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம் இருக்கிறது, டத்தாரான் மெர்டேக்கா பக்கம் கோலாலம்பூர் நூலகம் இருக்கிறது, பேசிப் படிக்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். மணிக்கா, வகுப்புக்கா? இரண்டு பேர் சேர்ந்து வந்தால் தலைக்கு எவ்வளவு? கடைசி நேரத்தில் ரத்து செய்தால்? மணிக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மணி நேரம், வாரம் ஒன்று, மாதம் நாலு வகுப்பு, 360 வெள்ளி ஆகிறது. தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு பாதியாக்க முடியுமா என்று பாருங்கள், முடிந்தால் செய்யுங்கள், இரண்டு பேர் இருந்தால் ஒருத்தருக்கு ஒருத்தர் விளக்குவதிலேயே பாதி புரியும்.

முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் போடுவதற்கு முன் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு, மோசடிப் புகார் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டு ஏமாந்துவிட்டீர்கள் என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள்.

படி 7: ஆய்வேட்டுக்காரர்களுக்கு மட்டும்

"டேட்டா அனுப்புங்கள், நாலாம் அத்தியாயம் ரெடி" என்று விளம்பரம் கண்ணில் படும் (நாலாம் அத்தியாயம் என்றால் பெரும்பாலும் ஆய்வேட்டில் தரவை அலசி முடிவுகளை எழுதும் பகுதி). அது டியூஷன் இல்லை. மாட்டினால் பல்கலைக்கழக நடவடிக்கை, மாட்டாவிட்டாலும் வைவாவில் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில்) "ஏன் இந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று ஒரே ஒரு கேள்வி வரும், அங்கே பதில் சொல்ல அந்த ஆள் வரமாட்டார். முறையான டீச்சர் வேறு தரவில் செய்து காட்டுவார், உங்கள் தரவில் உங்கள் கையால் செய்ய வைப்பார், பக்கத்தில் இருந்து திருத்துவார். டியூஷன் போவதை உங்கள் மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிடுங்கள்.

படி 8: நாலு வகுப்பு கழித்து

பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுங்கள். எதையும் கணக்கிட வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் எந்தச் சோதனை, ஏன் என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். பாதிக்கு மேல் எழுத வந்தால் அவரிடமே தொடருங்கள். வரவில்லை என்றால் அந்தத் தாளையே அவரிடம் காட்டிப் பேசுங்கள், சிலர் உடனே முறையை மாற்றிக்கொள்வார்கள். இன்னும் இரண்டு வகுப்பிலும் அப்படியே இருந்தால், பாக்கியைக் கொடுத்துவிட்டு "சார், இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், இதுவரை சொல்லித்தந்ததற்கு நன்றி" என்று அனுப்பிவிட்டு, பட்டியலில் அடுத்த எண்ணுக்கு அதே முதல் மெசேஜை, புதுக் குவிஸ் தாளை இணைத்து, அனுப்புங்கள்.