பிள்ளைகளுக்குக் கம்பளம் நெய்யச் சொல்லித்தரும்போது எங்கே தவறுகிறோம்?

"பாரசீகக் கம்பளம் செய்யலாம் வாங்க" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டு, வண்ணக் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கோக்கச் சொல்வதுதான் முதல் தவறு. கிடைப்பது பாய்ப் பின்னல். பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் கோரையில் நெய்யும் பாயைப் பற்றிப் பேச அது உதவும். ஈரானிய, துருக்கியக் கம்பளத்துக்கு முடிச்சு வேண்டும். முடிச்சே இல்லாத கிலிம் என்ற விரிப்பும் அங்கே உண்டு. சின்னப் பிள்ளைகள் அதில் தொடங்கலாம்.

அட்டைத் தறியில் பாவு நூலை, அதாவது நெடுக்காக ஓடும் நூலை, விறைப்பாக இழுத்துக் கட்டினால் அட்டை வளைந்துவிடும். தொளதொளவென்று விட்டால் முடிச்சு நிற்காது. விரலால் தட்டினால் லேசாக அதிர்ந்தால் சரி. பாவுக்குக் கம்பளி நூல் வேண்டாம், இழுபடும். பருத்திக் கயிறு போதும்.

அப்புறம் ஓரம். பத்து வரிசை போவதற்குள் விரிப்பு நடுவில் இடுப்புச் சிறுத்து உடுக்கை மாதிரி ஆகிவிடும். குறுக்கே ஓட்டும் ஊடை நூலைப் பிள்ளை ஒவ்வொரு முறையும் ஓரத்தில் இறுக்கி இழுப்பதுதான் காரணம். ஊடையைச் சின்ன மேடுபோல் வளைத்துப் போட்டு, பிறகு சீப்பால் கீழே தட்டச் சொல்லுங்கள்.

முடிச்சில்தான் பெரிய குழப்பம். துருக்கிய முடிச்சில் கம்பளித் துண்டு இரண்டு பாவு இழைகளையும் சுற்றி, இரு நுனிகளும் நடுவழியே வெளியே வரும். பாரசீக முடிச்சு ஒரு இழையை மட்டும் முழுதாகச் சுற்றும். பிள்ளைகளுக்கு முதல் வகையே சுலபம். ஆசையில் முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போவார்கள். ஒரு வரிசை முடிந்ததும் இரண்டு ஊடை ஓட்டித் தட்டாவிட்டால், தறியிலிருந்து எடுக்கும்போது மொத்தமும் நழுவிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சென்டிமீட்டர் வெறும் நெசவு வேண்டும். கத்தரியைக் கடைசியில் கொடுங்கள். பாதியில் கொடுத்தால் பாவு நூலையும் நறுக்கிவிடுவார்கள்.

பேசும்போதும் கவனம் வேண்டும். எல்லாக் கம்பளமும் முஸல்லா, அதாவது தொழுகை விரிப்பு, இல்லை. தொழுகை விரிப்பில் பெரும்பாலும் மிஹ்ராப் (பள்ளிவாசலில் தொழும் திசையைக் காட்டும் மாடம்) வளைவு இருக்கும், மிருக உருவம் இருக்காது. ஆனால் அரண்மனைகளுக்காக ஈரானில் நெய்த வேட்டைக் கம்பளங்களில் குதிரையும் சிங்கமும் நிறையவே ஓடுகின்றன.

"சின்ன விரல்தான் நுணுக்கமான முடிச்சுப் போடும்" என்று மட்டும் சொல்லவே வேண்டாம். கம்பளத் தொழிலில் பிள்ளைகளை உட்காரவைக்க முதலாளிகள் சொன்ன சாக்கு அது. மிக நுணுக்கமான கம்பளங்கள் பல வருடம் கைபழகிய பெரியவர்களின் வேலை.

மாதிரிப் படத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஈரானிய அர்தபீல் கம்பளத்தின் ஒரு முனையில் மக்ஸூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 (1539–40) என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. உங்கள் வீட்டு நெசவாளியும் தன் பெயரின் முதலெழுத்தை ஒரு மூலையில் நெய்யட்டும், கோணலாக வந்தாலும்.