கீபோர்டு கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன்

கீபோர்டு மக்கர் பண்ணுகிறது என்று புதுசு வாங்கக் கிளம்பும் முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். எழுத்துக் கீகளால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. வம்பெல்லாம் லாக் கீகளிடம்தான், அழுத்தியதே தெரியாது, ஆனால் மறுபடி அழுத்தும்வரை நிலை மாறியே இருக்கும்.

பாஸ்வேர்டு தப்பு என்று வந்தால் முதலில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். அது எழுத்துகளை மட்டும்தான் பெரிதாக்கும். எண்களுக்கு மேலே இருக்கும் @, # போன்ற குறிகளுக்கு ஷிப்டைத்தான் பிடிக்க வேண்டும். கேப்ஸ் லாக் எரியும்போதே ஷிப்டையும் சேர்த்துப் பிடித்தால் சின்ன எழுத்து வரும், இதில்தான் நிறையப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

வலது பக்க எண் பகுதி இன்னும் மோசம். நம் லாக் (Num Lock) கீயின் விளக்கு அணைந்திருந்தால் அங்கே 7 ஹோம் ஆகிவிடும், 1 எண்ட், 8, 2, 4, 6 நான்கும் அம்புக்குறிகள். எண் விழாமல் கர்சர் அங்கும் இங்கும் ஓடும். அதைவிட, 0 அப்போது இன்செர்ட் கீ. தெரியாமல் அதைத் தட்டிவிட்டு, அப்புறம் ஒரு வரியின் நடுவில் சொல் சேர்க்கப் போனால் சில மென்பொருள்களில் புது எழுத்து ஒவ்வொன்றும் அடுத்த எழுத்தை விழுங்கிக்கொண்டே போகும். அழிந்ததையெல்லாம் திரும்ப டைப் செய்ய உட்காராதீர்கள். கண்ட்ரோல் இசட் போட்டு மீட்டுக்கொண்டு, இன்செர்ட்டை ஒருமுறை தட்டினால் போதும். எக்செலில் அம்புக்குறியை அழுத்தினால் செல் மாறாமல் ஷீட்டே நகர்கிறதா? ஸ்க்ரோல் லாக்கை அணையுங்கள்.

கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் போன்றவற்றை மற்ற கீயோடு ஒரே நேரத்தில் தட்டுவது அடுத்த தவறு. கண்ட்ரோலை முதலில் பிடித்துக்கொண்டு பிறகுதான் சி. சி முந்திவிட்டால், காப்பி செய்யத் தேர்ந்தெடுத்த முழுப் பத்தியும் போய் அந்த இடத்தில் ஒற்றை சி மட்டும் நிற்கும். விண்டோஸில் ஷிப்டைத் தொடர்ந்து 5 முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் (ஷிப்ட், கண்ட்ரோல் போன்றவற்றைப் பிடிக்காமல் தட்டினாலே அடுத்த கீ வரை பிடித்ததாக எடுத்துக்கொள்ளும் வசதி) பற்றி ஒரு கேள்வி வரும், படிக்காமல் யெஸ் கொடுத்துவிட்டு அப்புறம் கீகள் ஒட்டிக்கொள்கின்றன என்று புலம்புவதில் பயனில்லை. ஒரு கையால் டைப் செய்பவர்களுக்கு அது பெரிய உதவி, மற்றவர்கள் நோ சொல்லலாம்.

மேல் வரிசையில் எஃப்2 கோப்பின் பெயரை மாற்ற, எஃப்5 பக்கத்தைப் புதுப்பிக்க. லேப்டாப்பில் எஃப்5-ஐ அழுத்தினால் வெளிச்சமோ ஒலியோ மாறினால், எஃப்என் கீயைச் சேர்த்துப் பிடியுங்கள்.

டெலீட், பேக்ஸ்பேஸ் வித்தியாசம் சின்ன விஷயம்: டெலீட் கர்சருக்கு அடுத்ததை அழிக்கும், பேக்ஸ்பேஸ் முந்தையதை. ஆனால் விண்டோஸில் கோப்புகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஷிப்டோடு டெலீட் அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அவை அழித்த கோப்புகள் தங்கும் ரீசைக்கிள் பின்னுக்கே (Recycle Bin) போகாமல் நேராக அழிந்துவிடும்.